மட்டக்குதிரையின் சேணம் முன்னால் நழுவுகிறதா? வால்வார் மாட்டும் முறை

சரிவில் இறங்கிக்கொண்டிருந்த டாஃபி சட்டென்று நின்று, தலையைத் தாழ்த்திப் புல்லைக் கடித்தது. மேலே இருந்த என் ஏழு வயது மகள் சேணத்தோடு சறுக்கி அதன் கழுத்துக்கு வந்துவிட்டாள். அடி எதுவும் படவில்லை. "அப்பா, இருக்கை நகர்ந்துவிட்டது" என்று மட்டும் புகார் செய்தாள்.

டாஃபி ஷெட்லாண்ட் மட்டக்குதிரை. பிரிட்டனில் குழந்தைகள் முதன்முதலாக ஏறிப் பழகுவது பெரும்பாலும் இந்த இனத்தில்தான். உயரம் 42 அங்குலத்தைத் தாண்டாது, உடம்போ பீப்பாய். பெரிய குதிரைக்குக் கழுத்தும் முதுகும் சேருமிடத்தில் ஒரு மேடு எழுந்திருக்கும். சேணம் முன்னே போகாமல் தடுப்பது அதுதான். ஷெட்லாண்டுக்கு அந்த மேடு இருப்பதே தெரியாது. போதாக்குறைக்கு, வயிற்றுவார் தானாகப் போய் அமரும் பள்ளம் முன்னங்கால்களை ஒட்டியிருக்கிறது. வார் அங்கே நழுவும்போது சேணத்தையும் இழுத்துக்கொண்டு போகும். வாரை இன்னும் இறுக்கினால் சரியாகிவிடும் என்று நானும் நினைத்தேன். குதிரைக்கு மூச்சு முட்டியதுதான் மிச்சம்.

இதற்கான பழைய தீர்வு வால்வார். ஆங்கிலத்தில் கிரப்பர்; இந்தியில் தும்ச்சி, தும் என்றால் வால். சேணத்தின் பின்புறத்திலிருந்து முதுகின் நடுவே ஓடும் ஒரு வார், அதன் முனையில் வாலுக்கடியில் மாட்டும் மெத்தென்ற வளையம். அவ்வளவுதான்.

வாங்குவதற்கு முன்

முதலில் சேணத்தைப் பாருங்கள். அளவில் அகன்ற சேணம் எதைக் கட்டினாலும் நழுவும். அந்தப் பாரத்தை வால் சுமக்கக் கூடாது. சேணம் பொருத்துபவர் ஒருவரை அழைத்துக் காட்டுவது நல்லது. குதிரை கொழுத்திருந்தால் தீனியையும் கவனியுங்கள். எங்கள் டாஃபிக்கு மேய்ச்சல் நேரத்தைக் குறைத்ததிலேயே பாதித் தொல்லை தீர்ந்தது.

அடுத்து, சேணத்தின் பின்விளிம்பில் நடுவே உறுதியான உலோக வளையம் இருக்கிறதா? பை தொங்கவிட வைத்திருக்கும் சின்ன வளையங்களை நம்ப வேண்டாம், ஒரே இழுப்பில் பிய்ந்துவிடும். சேணத்தின் உள்சட்டத்தோடு பிணைத்த வளையம்தான் வேண்டும். இல்லையென்றால் தோல் வேலை செய்பவரிடம் கொடுத்துப் பொருத்துங்கள். வால்வளையம் பருமனாகவும் வழவழப்பாகவும் இருக்கட்டும். மெல்லிய வார் தோலை அறுத்துவிடும். பக்கவாட்டில் கொக்கி வைத்த வளையம் புதியவர்களுக்குச் சுலபம்.

பழக்குதல்

முதல் நாளே மாட்டிக் குழந்தையை ஏற்றுவது மடத்தனம். வாலுக்கடியில் ஏதோ அழுத்தினால் சில குதிரைகள் வாலை இடுக்கிக்கொண்டு துள்ளும், உதைக்கும். நான்கைந்து நாள் வாலடியைக் கையால் தடவி, தூக்கி, இறக்கிப் பழக்குங்கள். பிறகு வால்வாரோடு வெறும் சேணத்தை வைத்து, கயிற்றில் பிடித்து நடத்துங்கள், ஓட்டுங்கள், சரிவில் இறக்குங்கள். அது வாலைத் தளர்வாக ஆட்டத் தொடங்கிய பிறகுதான் ஆள் ஏறலாம்.

மாட்டுதல்

சேணத்தை உரிய இடத்தில் வைத்து வயிற்றுவாரை முதலில் லேசாகக் கட்டிவிடுங்கள். இந்த வரிசை முக்கியம். வயிற்றுவார் இல்லாமல் வால்வாரை மட்டும் மாட்டியிருக்கும்போது குதிரை மிரண்டால், சேணம் வாலிலிருந்து தொங்கும். அப்புறம் அதைப் பிடிக்க ஊரே ஓட வேண்டியிருக்கும்.

இப்போது இடப்பக்கமாக, குதிரையின் தொடையை ஒட்டி நில்லுங்கள். நேர் பின்னால் நிற்காதீர்கள். ஒரு கையை முதுகில் வைத்தபடியே பின்னோக்கி நகர்த்தி வாலின் தண்டைப் பிடித்துத் தூக்குங்கள். கொக்கியை அவிழ்த்த வளையத்தை வாலுக்கடியில் கொண்டுபோய், தண்டு உடம்போடு சேருமிடம் வரை மேலே ஏற்றி மாட்டுங்கள். பிறகு வளையத்துக்குள் விரலை விட்டுச் சுற்றிலும் ஓட்டி, சிக்கிய மயிரையெல்லாம் வெளியே எடுங்கள். இதில் மட்டும் அவசரப்படாதீர்கள். ஷெட்லாண்டின் வால் அடர்த்தியானது. ஒரே ஒரு முறை நான்கு மயிரை விட்டுவிட்டேன், மாலையில் அங்கே சிவந்து கிடந்தது.

முதுகு வாரைச் சேணத்தின் வளையத்தில் கோத்துக் கொக்கியைப் போட்டு, வயிற்றுவாரை வழக்கமான இறுக்கத்துக்குக் கொண்டுவாருங்கள்.

எவ்வளவு தளர்வு?

எல்லாரும் தடுமாறுவது இங்கேதான். குதிரை சமதரையில் நிற்கும்போது, முதுகு வாருக்கும் பின்முதுகுக்கும் இடையில் உங்கள் கையைத் தட்டையாக நுழைத்துப் பாருங்கள். தாராளமாகப் போக வேண்டும். இறுக்கமாக இருந்தால் ஒவ்வொரு அடிக்கும் வால் இழுபடும். வாலுக்குள் இருப்பது முதுகெலும்பின் தொடர்ச்சி என்பதை மறக்க வேண்டாம். வார் தொளதொளவென்று ஒரு பக்கம் சரிந்தால் சேணம் நழுவிய பிறகே பிடிக்கும், அதனால் பயனில்லை. பத்து நிமிடம் நடத்திவிட்டு மறுபடியும் பாருங்கள். சமதரையில் நடக்கும்போதே வார் விறைத்து நிற்கிறது என்றால் கோளாறு சேணத்தில்தான்.

கழற்றுவது தலைகீழ் வரிசையில்: முதலில் வால்வார், பிறகு வயிற்றுவார். கழற்றியதும் வாலின் அடியைத் தூக்கிப் பாருங்கள். சிவப்போ உரசலோ தெரிந்தால் ஆறும்வரை மாட்டக் கூடாது.

வளையத்தை ஒவ்வொரு முறையும் ஈரத் துணியால் துடைத்துச் சேண சோப்பு தடவுங்கள். வியர்வை உப்பு காய்ந்தால் தோல் உப்புத்தாள் போல் ஆகிவிடும். பழங்காலத்து வளையங்களுக்குள் ஆளிவிதையை அடைத்திருப்பார்கள், அதன் எண்ணெய் கசிந்து தோல் மிருதுவாகவே இருக்கும். யாரோ கொடுத்த எங்கள் முதல் வளையத்தின் தையல் ஒரு நாள் பிரிந்து, லாயத்துத் தரையில் பழுப்பு விதைகள் உதிர்ந்தபோதுதான் எனக்கு இது தெரிந்தது. பெருக்குவதற்குள் டாஃபி அவற்றை நக்கித் தின்றுவிட்டது.