கைத்தொலைபேசியில் மேகச் சேமிப்பகம் தென்படாதபோது தேட வேண்டிய இடங்கள்

இணையத்தில் கோப்புகளைச் சேமித்து வைக்கும் மேகச் சேமிப்பகங்களான கூகல் டிரைவோ ஐகிளவுடோ ஒன்டிரைவோ கைத்தொலைபேசியில் திடீரெனத் தென்படாமல் போனால், பெரும்பாலோர் உடனே செயலியை நீக்கிவிட்டு மறுபடியும் பதிவிறக்குகிறார்கள். அது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. மேகத்துக்கு இன்னும் ஏறாமல் செயலிக்குள் காத்திருக்கும் கோப்புகளும், இணையம் இல்லாத நேரத்தில் பார்ப்பதற்காக இறக்கி வைத்த பிரதிகளும் செயலியோடு சேர்ந்து அழிந்துவிடக்கூடும். எதையும் நீக்குவதற்கு முன்பு, கோப்புகள் உண்மையிலேயே இல்லையா, அல்லது இந்தக் கருவியில் மட்டும் தெரியவில்லையா என்பதை உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்.

வீட்டுக் கணினியிலோ குடும்பத்தில் இன்னொருவரின் கருவியிலோ உலாவியைத் திறந்து, அந்தச் சேவையின் இணையத்தளத்துக்குள் உங்கள் கணக்கின் வழியாக நுழைந்து பாருங்கள். அங்கே கோப்புகள் இருந்தால் சிக்கல் கைத்தொலைபேசியில்தான் இருக்கிறது, பதற்றப்பட ஒன்றுமில்லை. அங்கேயும் இல்லையென்றால் கணக்கையும் குப்பைத்தொட்டியையும் ஆராய வேண்டும். நூலகத்திலுள்ள பொதுக் கணினியைப் பயன்படுத்துவோர் உலாவியின் மறைநிலை (இன்காக்னிட்டோ) சாளரத்தில் நுழைந்து, வேலை முடிந்ததும் மறவாமல் வெளியேற வேண்டும்.

இணையத்தளத்தில் இருக்கிறது, கருவியில் இல்லை

ஆண்ட்ராய்டு கருவியில் ஒரு மின்னஞ்சலுடன் கோப்பை இணைக்க முனையும்போது திறக்கும் பட்டியலில் டிரைவின் பெயர் காணாமல் போவது அடிக்கடி நடக்கிறது. அந்தப் பட்டியலைக் கைத்தொலைபேசி தானாக உருவாக்குவதில்லை. கருவியில் நிறுவப்பட்டிருக்கும் சேமிப்புச் செயலிகள் ஒவ்வொன்றும் தன் பெயரை அதில் பதிந்துகொள்கிறது. எனவே, இடத்தை மிச்சப்படுத்துவதற்காக யாராவது டிரைவ் செயலியை முடக்கி வைத்திருந்தாலோ, செயலி இருந்தும் அதில் கணக்கு எதுவும் இணைக்கப்படாமல் இருந்தாலோ, அந்த வரி பட்டியலிலிருந்து மறைந்துவிடும். செட்டிங்ஸ் பகுதியில் ஆப்ஸ் என்பதைத் திறந்து டிரைவைத் தேடுங்கள். 'எனேபிள்' என்ற பொத்தான் தெரிந்தால் அதை அழுத்துங்கள். பிறகு செயலியை ஒரு முறை திறந்து கணக்கு இணைந்திருப்பதை உறுதிசெய்தால், பட்டியலில் பெயர் மீண்டும் வந்துவிடும்.

சாம்சுங் கருவிகளில் 'மை ஃபைல்ஸ்' செயலியின் முகப்பிலிருந்து மேகச் சேமிப்பு வரிசைகளை மறைத்து வைக்கும் வசதி உண்டு. அந்தச் செயலியின் அமைப்புகளுக்குள் சென்று அவற்றை மீண்டும் காட்டச் செய்யலாம். 'செக்யூர் ஃபோல்டர்' என்ற பூட்டிய தனிப் பகுதியைப் பயன்படுத்துவோர் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும்: அதற்குள் இருக்கும் டிரைவும் வெளியே இருக்கும் டிரைவும் தனித்தனியானவை என்பதால், ஒன்றில் இணைத்த கணக்கு மற்றொன்றில் தெரியாது. அலுவலகம் அமைத்துக் கொடுத்த பணிப் பிரிவும் இப்படியே இயங்குகிறது. அதிலுள்ள செயலிகளின் மேல் சிறிய பெட்டி அடையாளம் காணப்படும். 2019ஆம் ஆண்டின் அமெரிக்கத் தடைக்குப் பிறகு அறிமுகமான வாவே கருவிகளில் கூகல் சேவைகள் இடம்பெறுவதில்லை. அத்தகைய கருவிக்கு மாறியவர்கள் உலாவியின் வழியாக டிரைவைத் திறப்பதே எளிது.

ஐபோனில் 'ஃபைல்ஸ்' செயலியின் 'பிரவுஸ்' பக்கத்தில், மேல் மூலையிலுள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி 'எடிட்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் கூகல் டிரைவ், ஒன்டிரைவ் போன்றவற்றுக்கான விசைகள் வரிசையாகத் தெரியும்; அணைந்திருப்பதை இயக்கினால் போதும். ஐகிளவுட் டிரைவே காணவில்லையென்றால், செட்டிங்ஸில் உங்கள் பெயரை அழுத்தி, ஐகிளவுட் பகுதிக்குள் அது இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அதை அணைக்கும்போது கைத்தொலைபேசியிலிருந்து கோப்புகள் அகன்றாலும் மேகத்தில் அவை அப்படியே இருக்கும்.

கோப்பின் பெயர் தெரிந்தும் அது திறக்கவில்லையென்றால் பெரும்பாலும் இணைப்புதான் காரணம். சிங்கப்பூரின் கடைத்தொகுதிகளில் வயர்லெஸ் எஸ்ஜி என்ற இலவசப் பொது வலையமைப்பில் இணைந்தது போலத் தோன்றினாலும், உள்நுழைவு முழுமையடையாவிட்டால் எதுவும் இறங்காது. மின்கலச் சேமிப்பு நிலை இயக்கத்தில் இருக்கும்போது ஐபோன் படங்களை ஒத்திசைப்பதை நிறுத்தி வைக்கும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

வேறொரு கணக்கில் இருக்கலாம்

காணாமல் போனதாகக் கருதப்படும் கோப்புகளில் பல, உரியவரின் மற்றொரு கணக்கில் பத்திரமாக இருக்கின்றன என்பது என் கருத்து. குறிப்பாகத் தமிழ்நாட்டிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்தவர்களிடம் ஊரில் தொடங்கிய ஒரு ஜிமெயில் முகவரியும், இங்கே புதுக் கைத்தொலைபேசி வாங்கியபோது கடைக்காரர் உருவாக்கிக் கொடுத்த இன்னொரு முகவரியும் இருப்பது சாதாரணம். டிரைவ் செயலியின் மேல் வலது மூலையிலுள்ள வட்டத்தை அழுத்தினால் அந்தக் கருவியில் இணைந்துள்ள கணக்குகள் அனைத்தும் தெரியும். ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். ஐபோனிலோ, ஐகிளவுடுக்கு ஒரு கணக்கும் செயலிகள் வாங்குவதற்கு வேறொரு கணக்கும் வைத்துக்கொள்ள முடியும். இந்தியக் கணக்கைச் சிங்கப்பூர்க் கணக்காக மாற்ற முயன்றபோது ஐகிளவுடின் கணக்கையும் சேர்த்து மாற்றியிருந்தால், பழைய கோப்புகள் பழைய கணக்கிலேயே தங்கியிருக்கும்.

பழைய கணக்குக்குள் நுழைய முயலும்போது பெரிய தடையாக நிற்பது ஒருமுறைக் கடவுச்சொல் (ஓடிபி). அது இந்திய எண்ணுக்குப் போகும். அந்த எண்ணை ரீசார்ஜ் செய்யாமல் நெடுநாள் விட்டிருந்தால் இணைப்பே துண்டிக்கப்பட்டு, எண் வேறொருவர் கைக்குப் போயிருக்கவும் கூடும். அந்த எண் உயிரோடு இருக்கும்போதே கணக்கின் மீட்பு எண்ணாகச் சிங்கப்பூர் எண்ணைச் சேர்த்துவிடுவது நல்லது. எண் கைவிட்டுப் போயிருந்தால், முன்பு அந்தக் கணக்கைப் பயன்படுத்திய பழைய கருவியை எடுத்து இயக்கிப் பாருங்கள். அதில் கணக்கு இன்னும் திறந்த நிலையில் இருந்தால் மீட்பது மிகவும் எளிதாகிவிடும். பழைய கைத்தொலைபேசியை விற்கும் முன் இதை யோசிப்பவர்கள் குறைவு.

பள்ளியோ பலதுறைத் தொழிற்கல்லூரியோ நிறுவனமோ கொடுத்த கணக்கு என்றால் நிலைமை வேறு. படிப்போ பணியோ முடிந்த பிறகு அந்தக் கணக்கை எத்தனை நாள் வைத்திருப்பது என்பதை அவர்களின் நிர்வாகிதான் முடிவு செய்கிறார். கூகலிடமோ மைக்ரோசாஃப்டிடமோ முறையிட்டுப் பயனில்லை. தகவல் தொழில்நுட்பப் பிரிவுக்குத் தாமதமின்றி எழுதுங்கள்.

கணக்கு சரி, கோப்பு இல்லை

முதலில் குப்பைத்தொட்டியைத் திறங்கள். கூகல் டிரைவில் நீக்கிய கோப்பு 30 நாள் வரை அதில் இருக்கும். தனிநபர் ஒன்டிரைவ் கணக்கிலும் அதே 30 நாள்தான். கூகல் ஃபோட்டோஸில், மேகத்துக்கு ஏறிய படங்களுக்கு 60 நாள் கிடைக்கும். ஐகிளவுட் டிரைவ் கோப்புகளை ஃபைல்ஸ் செயலியின் 'ரீசன்ட்லி டிலீட்டட்' பகுதியில் தேடுங்கள். அங்கே காணாவிட்டால், ஐகிளவுட் இணையத்தளத்தில் 'டேட்டா ரெகவரி' என்ற பகுதிக்குச் சென்று கடந்த 30 நாளில் நீக்கப்பட்டவற்றைப் பார்க்கலாம்.

பிறர் உங்களுடன் பகிர்ந்த கோப்பு என்றால், உரிமையாளர் நிரந்தரமாக நீக்கியதும் உங்கள் திரையிலிருந்தும் அது மறைந்துவிடும், உங்கள் குப்பைத்தொட்டியிலும் இருக்காது. கோயில் தொண்டூழியர் குழுவின் பெயர்ப்பட்டியலோ துணைப்பாட ஆசிரியரின் பயிற்சித் தாள்களோ காணாமல் போனால், பகிர்ந்தவரிடம் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. வாட்ஸ்அப் காப்புப்பிரதியை டிரைவின் கோப்புறைகளுக்குள் தேடி ஏமாறுவோரும் பலர். அது சாதாரணக் கோப்பாகத் தெரியாது. செயலியின் பக்கப்பட்டியலில் 'பேக்கப்ஸ்' என்ற பகுதிக்குள்தான் அதன் பெயரையும் தேதியையும் காணலாம்.

இடம் நிரம்பியதால் கோப்புகள் உடனே அழிவதில்லை. புதியவை ஏறாமல் நின்றுவிடும். கூகல் இலவசமாகத் தரும் 15 ஜிபி, டிரைவுக்கு மட்டுமன்றி ஜிமெயிலுக்கும் ஃபோட்டோஸுக்கும் பொதுவானது. ஆப்பிளும் ஒன்டிரைவும் 5 ஜிபி தருகின்றன. கட்டணச் சேவை வைத்திருந்தவரின் கடன் அட்டை காலாவதியாகி, புதிய அட்டை எண்ணைப் பதியாமல் விட்டாலும், அண்மையில் எடுத்த படங்கள் மட்டும் இல்லாதது போல் தோன்றும். அவை எடுத்த கருவியிலேயே இருக்கும் என்பதால், அந்தக் கருவியை அழித்துப் புதிதாக்கும் எண்ணத்தை ஒத்திப்போடுங்கள். இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து வரம்பை மீறியிருந்தாலும், கணக்கையே இரண்டு ஆண்டுகள் திறக்காமல் விட்டாலும், உள்ளடக்கத்தை நீக்கும் உரிமை கூகலுக்கு உண்டு. நெடுநாள் பயன்படுத்தாத கணக்குகளை அகற்றுவதை அது 2023 டிசம்பரில் தொடங்கியது.

உதவி தேடும்போது

'உங்கள் மேகச் சேமிப்பு நிரம்பிவிட்டது, இன்றே பணம் கட்டாவிட்டால் படங்கள் அழிக்கப்படும்' என்று வரும் குறுஞ்செய்தியிலுள்ள இணைப்பை அழுத்தாதீர்கள். மீதமுள்ள இடத்தைச் செயலிக்குள்ளேயே பார்த்துக்கொள்ளலாம். தொலைந்த கோப்புகளை மீட்டுத் தருவதாகக் கூறி ஒருமுறைக் கடவுச்சொல்லைக் கேட்பவரும் உதவ வந்தவர் அல்லர். ஐயம் எழுந்தால் சிங்கப்பூரின் மோசடித் தடுப்புச் சேவையான ஸ்கேம்ஷீல்டின் 1799 என்ற உதவி எண்ணை அழைத்துக் கேளுங்கள். மூத்தோருக்கு அருகில் அமர்ந்து கற்றுத்தரும் சேவையைச் சமூக மன்றங்கள் சிலவற்றில் எஸ்ஜி மின்னிலக்கச் சமூக நடுவங்கள் வழங்குகின்றன. அங்கே செல்லும்போது, கையிலிருக்கும் கருவியோடு பழைய கைத்தொலைபேசியையும் மின்னூட்டம் செய்து எடுத்துச் செல்லுங்கள். கணக்கின் முகவரியை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் கடவுச்சொல்லை நீங்களே தட்டச்சு செய்யுங்கள்.

எல்லா வழியும் அடைபட்டால், அரசாங்க ஆவணங்களுக்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. மத்திய சேம நிதி அறிக்கைகளையும் வருமான வரி மதிப்பீடுகளையும் அந்தந்த அமைப்பின் இணையத்தளத்தில் சிங்பாஸ் என்ற அரசாங்க மின்னிலக்க அடையாளத்தின் வழியாக மறுபடியும் இறக்கிக்கொள்ளலாம். குடும்பப் படங்களுக்கு, அவற்றை அனுப்பிய வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் உறவினர்களிடம் அவர்களின் பிரதியைக் கேட்டுப் பாருங்கள். அங்கே பெரும்பாலும் அளவு சுருங்கிய படம்தான் கிடைக்கும்.