ஹேண்டிகேம் கேசட்டை நீங்களே கணினிக்கு மாற்றி, எடிட் செய்வது எப்படி?

எங்கள் தாத்தாவின் குரல் ஒரே ஓர் இடத்தில்தான் இருக்கிறது. 2004-இல் அக்கா மகனுக்குக் காது குத்தியபோது எடுத்த மினி கேசட் அது. படத்தில் தாத்தா இல்லை. மாமா மடியில் பிள்ளை திமிறுகிறான், ஆசாரி காதைப் பிடிக்கிறார். கேமராவுக்குப் பின்னால் இருந்து "பைய, பைய, புள்ளைக்கு வலிக்கும்" என்று தாத்தா சொல்வது மட்டும் கேட்கும்.

சில வருடங்களுக்கு முன் அந்த கேசட்டை ஒரு கடையில் கொடுத்து டிவிடியாக மாற்றி வாங்கினோம். போட்டுப் பார்த்தால் முதலிலிருந்து கடைசிவரை சினிமாப் பாட்டு. அசல் ஒலியை மொத்தமாக எடுத்துவிட்டிருந்தார்கள். அம்மா எதுவும் பேசாமல் எழுந்து போய்விட்டார். நல்லவேளை, கேசட் எங்களிடம் திரும்பி வந்திருந்தது. அதன் பிறகுதான் இந்த வேலையை நானே கற்றுக்கொண்டு, வீட்டிலிருந்த பதினொரு கேசட்டையும் கணினிக்கு மாற்றினேன். கணினியில் கோப்புகளை காப்பி செய்யத் தெரிந்தால் போதும், உங்களாலும் முடியும்.

முதலில், உங்களிடம் இருப்பது என்ன கேசட்?

தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக, மேலே 'மினி டிவி' என்று எழுதியிருந்தால் அது டிஜிட்டல் கேசட். இந்த 'டிவி' தொலைக்காட்சி இல்லை, டிஜிட்டல் வீடியோ என்பதன் சுருக்கம். 1995-இல் வந்த வடிவம் இது. 2000-களில் வீடுகளில் இருந்த கேமராக்களில் நிறைய இந்த வகைதான். இந்தப் பதிவு முக்கியமாக இதைப் பற்றியது.

அதைவிடப் பெரிய 'வீடியோ 8', 'ஹை 8' கேசட்டுகள் அனலாக். இவற்றுக்குக் கீழே சொல்லும் இரண்டாவது வழி சரிப்படும். உங்களுடையது மெமரி கார்டில் பதியும் ஏவிசிஎச்டி கேமரா என்றால் பாதி வேலை மிச்சம். கார்டில் உள்ள ஃபோல்டரை அப்படியே முழுசாக ஹார்ட் டிஸ்க்குக்கு காப்பி செய்துவிட்டு, நேராக எடிட்டிங் பகுதிக்குப் போய்விடலாம். வீடியோ இருக்கும் எம்டிஎஸ் கோப்புகளை மட்டும் பொறுக்கி எடுக்காதீர்கள். நீளமான பதிவு பல துண்டுகளாக இருக்கும், அவற்றைச் சேர்க்கும் விவரம் மற்ற ஃபோல்டர்களில்தான் இருக்கிறது.

கேசட்டைத் தொடும் முன்

கேசட்டின் முதுகுப் பக்கம் ஒரு சின்னத் தள்ளுவிசை இருக்கும். அதை 'சேவ்' பக்கம் தள்ளிவிடுங்கள். இனி தவறுதலாகக்கூட அதன்மேல் எதுவும் பதிவாகாது. கேமராவைக் கையில் எடுப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள்.

அடுத்து, மூடியின் கண்ணாடி வழியாக நாடாவை வெளிச்சத்தில் பாருங்கள். விளிம்பில் வெள்ளையாகப் பொடி படிந்திருந்தால் பூஞ்சை. அதைக் கேமராவில் போடவே கூடாது. நாடா அறுந்துவிடும், கேமராவில் நாடாவைப் படிக்கும் 'ஹெட்' என்ற பாகமும் கெடும், அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் அது ஒட்டிக்கொள்ளும். அதைத் தனியே எடுத்து வைத்து, பூஞ்சை நீக்கத் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

நன்றாக இருக்கும் கேசட்டைப் போட்டு, கடைசிவரை ஒருமுறை வேகமாக ஓட்டி, மறுபடி முதலுக்குச் சுற்றுங்கள். வருடக்கணக்கில் அசையாமல் இருந்த நாடா சீராகச் சுற்றிக்கொள்ளும். படத்தில் கட்டம் கட்டமாக வந்தால் ஹெட்டில் தூசி இருக்கிறது. கிளீனிங் கேசட்டைப் போட்டுப் பத்து விநாடி ஓட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். கிளீனிங் கேசட்டை ரீவைண்ட் செய்யாதீர்கள், அழுக்கு திரும்ப ஹெட்டுக்கே வரும்.

எந்த கேபிள்?

நிறையப் பேர் தடுக்கி விழும் இடம் இது. கேமராவில் யுஎஸ்பி துளை இருக்கும். அதில் சொருகினால் வீடியோ வந்துவிடும் என்று நினைப்போம். பெரும்பாலான மினி கேசட் கேமராக்களில் அது புகைப்படங்களைக் கணினிக்கு மாற்றவும், மங்கலான சிறிய படத்தை அனுப்பவும் மட்டும்தான். கேசட்டில் இருப்பது அதே தரத்தில் வர ஃபயர்வயர் என்ற வேறு வகை இணைப்பு வேண்டும். சோனி கேமராவில் 'ஐ-லிங்க்' என்றும், சிலவற்றில் 'டிவி அவுட்' என்றும் அந்தத் துளைக்குப் பெயர் போட்டிருக்கும். நாலு முனை கொண்ட மிகச் சின்னத் துளை.

கணினிப் பக்கமும் ஃபயர்வயர் வேண்டும். பழைய லேப்டாப் வீட்டில் இருந்தால் ஓரங்களைத் தேடிப் பாருங்கள், 2010-ஐ ஒட்டி வந்த பலவற்றில் இருக்கும். டெஸ்க்டாப் என்றால் ஃபயர்வயர் துளை உள்ள பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு ஒன்று வாங்கிப் பொருத்தலாம். ஆப்பிள் மேக்கில் 2025-இல் வந்த டஹோ பதிப்பில் ஃபயர்வயர் ஆதரவை எடுத்துவிட்டார்கள். அதற்கு முந்தைய பதிப்பு ஓடும் மேக் தேவை.

ஒரு எச்சரிக்கை. ஒரு முனை யுஎஸ்பி, மறுமுனை ஃபயர்வயர் என்று ஒரு கேபிள் ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும். வாங்காதீர்கள். இரண்டும் வேறு வேறு முறையில் தகவல் அனுப்புபவை. முனையை மட்டும் மாற்றினால் எதுவும் வராது. நான் வாங்கி ஏமாந்திருக்கிறேன்.

ஃபயர்வயர் கிடைக்கவே இல்லையா? அப்படியானால் இரண்டாவது வழி. கேமராவின் ஏவி அவுட்டிலிருந்து மஞ்சள், வெள்ளை, சிவப்பு கேபிளை ஒரு யுஎஸ்பி கேப்சர் கருவியில் சொருகி, இலவசமான ஓபிஎஸ் ஸ்டூடியோ மென்பொருளில் பதிவு செய்வது. கருவியின் அமைப்பில் நம் நாட்டு டிவி முறையான 'பால்' (PAL), 720க்கு 576, விநாடிக்கு 25 ஃப்ரேம் (தனிப்படம்) என்று வையுங்கள். தரம் ஒரு படி குறையும், எடுத்த தேதி விவரம் வராது. ஆனாலும் கேசட் அலமாரியிலேயே கிடந்து வீணாவதைவிட இது எவ்வளவோ மேல்.

பதிவு செய்வது

கேமராவையும் கணினியையும் அணைத்துவிட்டு கேபிளைச் சொருகுங்கள். முனையைத் தலைகீழாக அழுத்திச் சொருகினால் கேமராவின் துளை எரிந்துபோக வாய்ப்பு உண்டு, அதனால் அவசரம் வேண்டாம். கேமராவை பேட்டரியில் ஓட்டாமல் சார்ஜரில் போடுங்கள். சுவிட்சை 'ப்ளே' அல்லது 'விசிஆர்' நிலைக்குத் திருப்புங்கள்.

விண்டோஸில் நான் பயன்படுத்தியது 'வின்டிவி' (WinDV) என்ற சின்னஞ்சிறு இலவச மென்பொருள். லினக்ஸில் 'டிவிகிராப்' இருக்கிறது. வின்டிவியைத் திறந்ததும் கேமராவின் பெயர் தெரிய வேண்டும். விண்டோஸ் 10-இல் தெரியவில்லை என்றால், மைக்ரோசாஃப்டின் பழைய 'லெகசி' ஃபயர்வயர் டிரைவரை நிறுவி, டிவைஸ் மேனேஜரில் கார்டின் டிரைவரை அதற்கு மாற்றிப் பாருங்கள்.

எங்கே சேமிக்க வேண்டும், என்ன பெயர் என்பதைக் கொடுத்துவிட்டு, கேப்சர் பட்டனை அழுத்தி, கேமராவை ஓடவிடுங்கள். ஒரு மணி நேர கேசட் பதிவாக ஒரு மணி நேரம் ஆகும், இதில் குறுக்குவழி இல்லை. அந்த நேரம் கணினியில் வேறு வேலை பார்க்காதீர்கள். திரையில் 'டிராப்டு' என்ற எண் பூஜ்யமாகவே இருக்க வேண்டும். ஏறினால் ஃப்ரேம்கள் விட்டுப்போகின்றன என்று அர்த்தம், அந்தப் பகுதியை மறுபடி எடுங்கள்.

ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 13 ஜிபி ஆகும். 1 டிபி ஹார்ட் டிஸ்க்கில் எழுபது கேசட்டுக்கு மேல் அடங்கும். டிஸ்க் பழைய எஃப்ஏடி32 முறையில் ஃபார்மேட் ஆகியிருந்தால் ஒரு கோப்பு 4 ஜிபிக்கு மேல் போகாது, பதினெட்டு, பத்தொன்பது நிமிடத்திலேயே நின்றுவிடும். என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட் முறையில் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த விஷயத்தை இங்கே சொல்லியே ஆக வேண்டும். மினி கேசட் ஒவ்வொரு ஃப்ரேமோடும் எடுத்த தேதியையும் நேரத்தையும் கண்ணுக்குத் தெரியாமல் எழுதி வைத்திருக்கிறது. ஃபயர்வயர் வழியாக எடுத்தால் அதுவும் கூடவே வரும். வின்டிவி அந்தத் தேதியைக் கோப்பின் பெயரிலேயே சேர்த்துவிடும், நேரம் தாவும் இடத்தில் தனித்தனிக் கோப்பாகவும் பிரிக்கும். காது குத்து காலையா மாலையா என்று எங்கள் வீட்டில் ரொம்ப நாள் வாக்குவாதம். கோப்பைப் பார்த்தால் காலை 7.42. ஆனால் அன்றைக்குக் கேமராவின் கடிகாரம் சரியாக வைக்கப்பட்டிருந்தால்தான் இது நிஜம்.

கிடைத்த இந்தக் கோப்புகள்தான் இனி உங்கள் அசல். 'அசல்' என்றே ஒரு ஃபோல்டர் போட்டு உள்ளே வையுங்கள். இதை வெட்டவும் கூடாது, இடம் அடைக்கிறது என்று அழிக்கவும் கூடாது. வேறொரு ஹார்ட் டிஸ்க்கில் இன்னொரு பிரதி எடுத்த பிறகே அடுத்த வேலை.

போனிலும் டிவியிலும் பார்க்க மாற்றுவது

அசலைக் கணினியில் ஓட்டிப் பாருங்கள். யாராவது கையை வேகமாக வீசும்போது கையின் விளிம்பு சீப்புப் பல் மாதிரி கோடு கோடாகப் பிரியும். கோப்பு கெட்டுப்போகவில்லை, பயப்பட வேண்டாம். கேமரா ஒவ்வொரு ஃப்ரேமையும் இரண்டு பாதியாக எடுக்கிறது. முதலில் ஒரு கோடு விட்டு ஒரு கோடு, விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு கழித்து மிச்சக் கோடுகள். அந்த இடைவெளியில் கை நகர்ந்துவிடும். பழைய குழாய் டிவி இரண்டு பாதியையும் அடுத்தடுத்துக் காட்டியது, கண்ணுக்குத் தெரியவில்லை. கணினி இரண்டையும் ஒரே நேரத்தில் காட்டுவதால் பல் தெரிகிறது. இதை நீக்குவதற்குப் பெயர் டீஇன்டர்லேஸ்.

இதற்கு ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருள் போதும். அசல் கோப்பைத் திறந்து, வடிவம் எம்பி4 என்று வையுங்கள். 'ஃபில்டர்ஸ்' பக்கத்தில் டீஇன்டர்லேஸ் இருக்கும் இடத்தில் 'யாடிஃப்', அதன் கீழே 'பாப்' தேர்வு செய்யுங்கள். 'வீடியோ' பக்கத்தில் எச்.264, ஃப்ரேம்ரேட் 50, 'கான்ஸ்டன்ட்'. இரண்டு பாதியும் இரண்டு முழு ஃப்ரேமாக மாறும், அதனால் 25 என்பது 50 ஆகிறது. ஓடுகிற பிள்ளைகளின் அசைவு அன்றைக்கு டிவியில் பார்த்த அதே வழுக்கலோடு இருக்கும். 25-இலேயே விட்டால் லேசாக வெட்டி வெட்டிப் போவது தெரியும்.

தரத்துக்கு 'ஆர்எஃப்' என்று ஓர் அளவுகோல் உண்டு. எண் குறையக் குறையத் தரமும் கோப்பின் அளவும் கூடும். வீட்டு வீடியோவுக்கு 18 வையுங்கள். படத்தை 1080-க்குப் பெரிதாக்கும் ஆசை வரும், வேண்டாம். இல்லாத விவரம் வந்துவிடாது, கோப்பு மட்டும் பருக்கும். முகங்கள் ஒல்லியாகவோ தடியாகவோ தெரிந்தால் அகல உயர விகிதம் தப்பியிருக்கிறது. பழைய சதுர டிவிக்கு எடுத்த படம் என்றால் 768க்கு 576 என்று வைத்தால் சரியாகிவிடும்.

முதலில் ஒரு சின்னக் கோப்பை மாற்றி உங்கள் போனில் பாருங்கள். பிடித்திருந்தால் மற்றவற்றை வரிசையில் சேர்த்துவிட்டு இரவு தூங்கப் போய்விடலாம்.

எடிட்டிங்

இங்கே மாற்றிய எம்பி4-ஐ வெட்டாதீர்கள், அசலின் பிரதியை வெட்டுங்கள். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் தரம் கொஞ்சம் போகும், அதனால் மாற்றம் ஒரே ஒரு முறை நடக்கட்டும்.

ஷாட்கட் என்ற எடிட்டிங் மென்பொருள் இலவசம், புதியவர்களுக்கு எளிது. கோப்பை இழுத்து உள்ளே போட்டு, துண்டுகள் வரிசையாக நிற்கும் டைம்லைன் பட்டைக்குக் கொண்டுவாருங்கள். ஸ்பேஸ் பார் அழுத்தினால் ஓடும், மறுபடி அழுத்தினால் நிற்கும். வேண்டாத பகுதி தொடங்கும் இடத்தில் நிறுத்தி 'எஸ்' விசை, முடியும் இடத்தில் மறுபடி 'எஸ்'. நடுத்துண்டைத் தேர்ந்து 'எக்ஸ்' அழுத்தினால் அது போய், பின்னால் இருப்பது தானாக முன்னால் வந்து ஒட்டிக்கொள்ளும். எடிட்டிங்கில் முக்கால்வாசி இவ்வளவுதான்.

எதை வெட்டுவது? மூடி போட்ட கேமரா, தரையைப் பார்த்தபடி ஓடிய நிமிடங்கள் என்று கை போகும். ஒரு நிமிடம் பொறுங்கள், கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பகுதியைக் கேளுங்கள். கேமராவை அணைக்க மறந்துபோன நேரத்தில்தான் வீட்டு ஆட்கள் இயல்பாகப் பேசியிருப்பார்கள். எங்கள் கேசட் ஒன்றில் ஆறு நிமிடம் வெறும் திண்ணைத் தரை. அதன்மேல் பாட்டி யாரிடமோ பருப்பு விலை சொல்லிக்கொண்டிருக்கிறார். அதை நான் வெட்டவில்லை.

பின்னணிப் பாட்டு வேண்டுமென்றால் யாரும் பேசாத இடத்தில் மட்டும், அதுவும் மெதுவாக. பேச்சு சன்னமாக இருந்தால் துண்டைத் தேர்ந்து 'ஃபில்டர்ஸ்' பகுதியில் ஒலியைக் கூட்டலாம். காற்றின் 'பொம்ம்' சத்தத்தை 'ஹை பாஸ்' ஃபில்டர் ஓரளவு குறைக்கும். அதை அதிகமாக்கினால் ஆம்பளைக் குரல் மெலிந்துவிடும், காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள்.

முடித்ததும் 'எக்ஸ்போர்ட்'. 'அட்வான்ஸ்டு' பகுதியில் ஸ்கேன் முறை 'புரோகிரசிவ்' என்று இருக்கட்டும், சீப்புப் பல் போய்விடும். ஒரு மணி நேரத்தைப் பதினைந்து நிமிடமாக்கி குடும்ப குரூப்பில் போடலாம், முழு நீளம் தனியே இருக்கட்டும். கோப்பின் பெயரை '2004-காதுகுத்து-முழுசு', '2004-காதுகுத்து-சுருக்கம்' என்று வருடத்தோடு தொடங்கினால் தானாக வரிசையாக நிற்கும்.

கேசட்டைத் தூக்கிப் போட வேண்டாம். முதலுக்குச் சுற்றி, அதன் பெட்டியில் நட்டமாக நிறுத்தி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். பெட்டிமேல் எந்தத் தேதியில் மாற்றினோம், எந்த டிஸ்க்கில் இருக்கிறது என்று பேனாவால் எழுதி ஒட்டிவிடுங்கள்.