இடிந்த கல்லைப் படிக்கலாம்: கிரேக்கத் தொல்லிடங்களைப் பார்க்கும் முறை

ஐந்து நாளில் எட்டு இடம் என்று பட்டியல் போட்டுக்கொண்டு கிரீஸுக்குப் போனால், மூன்றாம் நாளே எல்லாத் தூணும் ஒன்றுபோலத் தெரியத் தொடங்கும். எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல் பார்க்கிற கண் சீக்கிரம் சலித்துவிடும். ஐந்து நாள்தான் இருக்கிறது என்றால் ஏதென்ஸ் நகரத்துக்கும் அதன் அருங்காட்சியகங்களுக்கும் மூன்று நாள், டெல்ஃபிக்கு ஒரு நாள், மைசீனியும் எபிடாரஸும் சேர்த்து ஒரு நாள். ஒலிம்பியாவும் வேண்டுமென்றால் பயணத்தையே ஒரு வாரமாக நீட்டுங்கள். அது ஏதென்ஸிலிருந்து ஒரே நாளில் வசதியாகப் போய்த் திரும்பும் தூரத்தில் இல்லை.

மாதத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வெற்றி. ஏப்ரல் கடைசி முதல் மே நடு வரையும், அக்டோபர் மாதமும் சிறந்த காலம். ஜூலை, ஆகஸ்டில் வெப்ப அலை வந்தால், ஏதென்ஸின் பழைய கோட்டைக்குன்றான அக்ரோபோலிஸை நண்பகல் 12 முதல் மாலை 5 வரை மூடிவிடுவது உண்டு. குளிர்காலத்தில் கூட்டம் குறைவு, ஆனால் ஏதென்ஸுக்கு வெளியே பல இடங்கள் பிற்பகல் மூன்று, மூன்றரைக்கே மூடப்படும். ஜனவரி 1, மார்ச் 25, மே 1, டிசம்பர் 25, 26, கிரேக்க ஈஸ்டர் ஞாயிறு ஆகிய நாட்களில் தொல்லிடங்கள் திறப்பதில்லை. கிரேக்க ஈஸ்டர் பெரும்பாலான ஆண்டுகளில் மேற்கத்திய ஈஸ்டருக்குப் பிந்தி வரும். இது தெரியாமல் தேதி குறிப்பவர்கள்தான் மூடிய கதவின் முன்னால் போய் நிற்கிறார்கள்.

அக்ரோபோலிஸ் டிக்கெட்டில் தேதியோடு நுழைவு நேரமும் இருக்கும். 2025 ஏப்ரல் முதல் கட்டணம் 30 யூரோ. பல இடங்களுக்கும் சேர்த்து முன்பு விற்ற கூட்டு டிக்கெட் இப்போது இல்லை. கலாச்சார அமைச்சகத்தின் அதிகாரப்பூர்வ இணையதளத்திலேயே வாங்குங்கள். காலை 8 மணி நுழைவு கிடைத்தால் விடாதீர்கள். சுற்றுலாப் பேருந்துகளின் கூட்டம் மேற்கு வாசலில்தான் சேரும் என்பதால், அக்ரோபோலிஸ் அருங்காட்சியகத்தின் அருகிலுள்ள தென்கிழக்கு வாசல் வழியாக ஏறுவது நல்லது. வழியில் டயோனிசஸ் நாடக அரங்கையும் பார்த்துவிடலாம். பெரிய பைகளுக்கு அனுமதி இல்லை. பல கோடிக் கால்கள் மிதித்து மிதித்து மேலே உள்ள சுண்ணாம்புப் பாறை கண்ணாடிபோல வழுக்கும், மழைத்தூறல் விழுந்தால் சொல்லவே வேண்டாம். பிடிப்புள்ள ரப்பர் அடிக்காலணிதான் பாதுகாப்பு. குதிகால் உயர்ந்த செருப்புக்குத் தடையே இருக்கிறது. ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீரும் தொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மேலே ஏறியதும் எல்லோரும் படம் எடுப்பது அதீனா கோயிலான பார்த்தெனானின் மேற்கு முகத்தை. அது கோயிலின் பின்புறம். வாசல் கிழக்கில் இருக்கிறது, சுற்றிக்கொண்டு அங்கே போங்கள். கி.மு. 447இல் தொடங்கி 432இல் சிற்பவேலை முடிந்த கட்டடம் இது. முகப்பில் 8 தூண், பக்கவாட்டில் மூலைத்தூண்களையும் சேர்த்து 17. அங்கே மூன்று விஷயங்களைத் தேடுங்கள்.

முதலாவது தளத்தின் வளைவு. மூலையில் குனிந்து நின்று, மேல்படியின் விளிம்பையொட்டிப் பார்வையை ஓடவிடுங்கள். படி நடுவில் மேடேறி இறங்குவது தெரியும். குறுகிய பக்கத்தில் சுமார் 6 செ.மீ., நீண்ட பக்கத்தில் சுமார் 11 செ.மீ. நேர்க்கோடாகத் தெரியும் அந்தக் கட்டடத்தில் உண்மையான நேர்க்கோட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்: தூண்கள் இலேசாக உள்நோக்கிச் சாய்ந்திருக்கின்றன, நடுவில் சற்றே புடைத்திருக்கின்றன, மூலைத்தூண்கள் மற்றவற்றைவிடப் பருமனானவை. ஒவ்வொரு கல்லையும் அதனதன் இடத்துக்கென்றே தனியாகச் செதுக்க வேண்டியிருந்தது. வியக்க வேண்டியது இந்தத் துல்லியத்தைத்தான்.

இரண்டாவது, நீண்ட பக்கங்களின் நடுப்பகுதியில் விழுந்த அடி. கோயில், தேவாலயம், பிறகு மசூதி என்று இரண்டாயிரம் ஆண்டு நின்ற கட்டடம், 1687இல் வெனிஸ் படையின் பீரங்கிக்குண்டு விழுந்தபோது துருக்கியரின் வெடிமருந்துக் கிடங்காக இருந்தது. வெடிப்பு நடுப்பகுதியை வெளியே தள்ளியது.

மூன்றாவது, கல்லின் நிறம். ஏதென்ஸ் அருகிலுள்ள பென்டெலி மலையில் வெட்டிய பழைய பென்டெலிக் பளிங்கு தேன்நிறமாகப் பழுத்திருக்கும். புதிதாகச் சேர்த்தது வெள்ளையாக இருக்கும். பழைய தச்சர்கள் கற்களை இணைத்த இரும்புப் பட்டைகளைச் சுற்றி ஈயத்தை உருக்கி ஊற்றினார்கள், அதனால் துரு ஏறவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பழுதுபார்த்தவர்கள் ஈயக் காப்பில்லாமல் இரும்பைச் செருகினார்கள். துருப்பிடித்த இரும்பு உப்பிப் பளிங்கைப் பிளந்தது. இன்று அந்த இரும்பையெல்லாம் எடுத்துவிட்டு டைட்டானியம் வைக்கிறார்கள். சாரம் கட்டியிருந்தால் வருந்தாதீர்கள், வேலை நடக்கும் இடத்தில் சற்று நின்று பாருங்கள்.

பக்கத்தில் எரெக்தியான் கோயிலின் தாழ்வாரத்தைத் தாங்கும் ஆறு பெண் சிலைகளும் நகல்கள். அசல்களில் ஐந்து கீழேயுள்ள அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, ஒன்று லண்டனில். இறங்கியதும் அன்றே அங்கே போங்கள். மேல்தளக் கூடம் பார்த்தெனானின் திசைக்கே திருப்பி அமைக்கப்பட்டிருக்கிறது. 160 மீட்டர் நீளப் புடைப்புச் சிற்ப வரிசையைக் கோயிலில் இருந்த வரிசையிலேயே பார்க்கலாம். வெள்ளையாகத் தெரிபவை, வெளிநாடுகளில் உள்ள துண்டுகளின் சுதை வார்ப்புகள். சில சிலைகளில் சிவப்பு, நீல வண்ணத்தின் மிச்சமும் இருக்கும். இந்தக் கோயில்கள் வெண்பளிங்காக நின்றவை அல்ல, வண்ணம் பூசப்பட்டவை.

தூண் வகையை அறிய இரண்டு இடங்களைப் பார்த்தால் போதும்: தூணின் அடியும் தலையும். அடிப்பீடம் இல்லாமல் தரையிலிருந்தே எழுந்து, தட்டையான போதிகை (தூணின் தலைப்பகுதி) இருந்தால் டோரிக். பீடமும் சுருள் போதிகையும் அயோனிக். இலைக்கொத்துப் போதிகை கொரிந்தியன். முழுமையான டோரிக் கோயில் பார்க்க, ஏதென்ஸின் பழைய சந்தைத்திடலான அகோராவில் உள்ள ஹெஃபைஸ்டஸ் கோயிலுக்குப் போங்கள். பலர் பார்க்காமலே போய்விடுகிறார்கள்.

டெல்ஃபி ஏதென்ஸிலிருந்து பேருந்தில் சுமார் மூன்று மணி நேரம். திரும்பும் கடைசிப் பேருந்தின் நேரத்தைப் புறப்படும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். முடிந்தால் ஓர் இரவு தங்குங்கள். மலைச்சரிவு முழுக்க ஏற்றம் என்பதால் காலையில் தொல்லிடம், வெயில் ஏறியதும் அருங்காட்சியகம், மாலையில் கீழே அதீனா வளாகத்தில் உள்ள வட்டக் கட்டடம் என்ற வரிசை உடம்புக்கு ஒத்துவரும். அப்பல்லோ கோயில் மேடையின் கீழுள்ள தாங்குசுவரைத் தாண்டிப் போய்விடாதீர்கள். பலகோணக் கற்களை வளைவான இணைப்புகளோடு பொருத்திய சுவர் அது. கிட்டத்தில் போனால் கல் முழுக்கப் பொடி எழுத்து தெரியும். அவற்றில் பெரும்பாலானவை அடிமைகளை விடுவித்த ஆவணங்கள்.

ஒலிம்பியாவில் ஜீயஸ் கோயிலின் தூண்கள் நிலநடுக்கத்தில் சாய்ந்து, அடுக்கி வைத்த தட்டுகள் சரிந்ததுபோல வரிசையாகக் கிடக்கின்றன. அந்த உருளைகளை உற்றுப் பாருங்கள், கல்லுக்குள் கிளிஞ்சல்கள் தெரியும். அது உள்ளூர்ச் சுண்ணாம்புக்கல், மேலே சுதை பூசிப் பளிங்குபோலக் காட்டினார்கள். ஓட்டக்களத்தில் சுமார் 192 மீட்டர் தூரத்தின் இரு முனைகளிலும் கல் கோடுகள் இன்றும் இருக்கின்றன.

பழைய கோட்டை நகரமான மைசீனியில் சிங்க வாசலின் மேலே சிற்பம் நிற்கும் முக்கோணம் வெறும் அலங்காரம் அல்ல. சுவரின் பாரம் வாசலின் மேல்கல்லில் இறங்காமல் இரு பக்கமும் பிரிந்து போவதற்காக விட்ட இடைவெளி அது. மெல்லிய கல்லால் அதை அடைத்தார்கள், அந்தக் கல்லில்தான் சிங்கங்கள். டிக்கெட் வளாகத்துக்குச் சற்று வெளியே உள்ள அட்ரியஸ் கல்லறையை மறக்காதீர்கள். நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தால், ஒவ்வொரு வரிசைக் கல்லும் கீழ்வரிசையைவிடச் சற்று உள்ளே நீண்டு குவிமாடமாகக் கூடுவது புரியும். 1876இல் தொல்லியலாளர் ஷ்லீமன் மைசீனிக் கோட்டைக்குள் தோண்டியெடுத்த தங்க முகமூடி ஏதென்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எபிடாரஸின் பழைய நாடக அரங்கில் ஒருவர் நடுக்கல்லில் நின்று இயல்பான குரலில் பேச, மற்றவர் 55ஆம் வரிசைக்கு ஏறிக் கேட்கட்டும். கூட்டம் வருமுன் போனால்தான் இது நடக்கும்.

கிரீட் தீவில் உள்ள கினோசோஸ் அரண்மனையில் சிவப்புத் தூண்களும் மேல்தளங்களும் பெரும்பாலும் 1900க்குப் பிறகு தொல்லியலாளர் ஆர்தர் எவன்ஸ் கான்கிரீட்டில் எழுப்பியவை. எது பழையது என்று ஒவ்வொரு இடத்திலும் கேட்டுப் பாருங்கள். தொல்லிடங்கள் நிறைந்த டெலோஸ் தீவுக்கு, பக்கத்துத் தீவான மிகோனோஸிலிருந்து படகு உண்டு. தீவில் நிழலும் இல்லை, தங்கவும் அனுமதி இல்லை. கோடைக்காற்று பலமானால் படகு நின்றுவிடும், ஆகவே கையில் ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த இடத்திலும் தரையில் கிடக்கும் ஓட்டுச்சில்லைக்கூட எடுக்காதீர்கள். கிரேக்கச் சட்டத்தில் அது குற்றம். மண்ணில் அது கிடக்கும் இடமே அதன் காலத்தைச் சொல்லும் சான்று. ட்ரோன் பறக்கவிடுவதும், அருங்காட்சியகத்தில் ஃபிளாஷ் போட்டுப் படம் எடுப்பதும் கூடாது.