‘கர்ப்’: ஓர் ஆங்கில வினைச்சொல்லை வேரோடு படிப்பது எப்படி?

ஆங்கிலச் செய்தித்தாளில் அடிக்கடி கண்ணில் படும் சொல் ‘கர்ப்’. எழுத்துகள் சி, யூ, ஆர், பி. சிறிய அகராதிகள் ‘கட்டுப்படுத்து’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடும். ரெஸ்ட்ரிக்ட், கண்ட்ரோல், லிமிட் எல்லாவற்றுக்கும் அதே பொருள்தான் போட்டிருக்கும். அப்புறம் எதை எங்கே எழுதுவது? மனப்பாடம் வேண்டாம், இந்த வரிசையில் போங்கள்.

படி 1: பொருளைக் கண்ணால் பாருங்கள்

செட்டிநாட்டு ஐயனார் கோயில்களில் மண் புரவிகள் வரிசையாக நிற்கும். அடுத்த முறை போகும்போது அவற்றின் வாயருகே கவனியுங்கள். நிஜக் குதிரைக்குப் போடும் ஒருவகைக் கடிவாளத்தில், தாடைக்கு அடியில் ஒரு சிறு சங்கிலி ஓடும். அதன் பெயர்தான் கர்ப். லகானை இழுத்தால் வாய்க்குள் இருக்கும் இரும்பு திரும்பும், சங்கிலி தாடையை இறுக்கும், குதிரையின் வேகம் தணியும். குதிரை நின்றே ஆக வேண்டும் என்பதில்லை. ஓட்டம் ஓட்டுபவர் கைக்குள் வருகிறது, அவ்வளவுதான். இது பிடிபட்டால் பாதிப் பாடம் முடிந்தது.

படி 2: வேரைத் தேடுங்கள்

லத்தீனில் ‘குர்வுஸ்’ என்றால் வளைந்தது. அது பழைய பிரெஞ்சு வழியாக வந்து, 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்தில் அந்தச் சங்கிலியின் பெயரானது. 16ஆம் நூற்றாண்டில் வினைச்சொல்லானது: முதலில் குதிரையை அடக்க, பிறகு ஆசையையும் கோபத்தையும் அடக்க. வளைவைக் குறிக்கும் ‘கர்வ்’ இதற்குச் சொந்தக்காரச் சொல்.

படி 3: எதோடு சேரும்?

விலைவாசி, கோபம், செலவு, மாசு என்று விட்டால் கைமீறிப் போகிறவற்றோடு சேரும். ‘கர்ப் இன்ஃப்ளேஷன்’ என்றால் விலைவாசிக்குக் கடிவாளம் போடுவது. நாம் தினமும் பேசும் தமிழே இங்கே துணைக்கு வருகிறது, எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ஓர் அறைக்குள் யாரும் வராமல் தடுப்பதற்கு இந்தச் சொல் சரிவராது, அங்கே ரெஸ்ட்ரிக்ட்தான். வினைக்குப் பின்னால் ‘ஆன்’ போடாதீர்கள். பெயர்ச்சொல்லாக வரும்போதுதான் ‘கர்ப்ஸ் ஆன் இம்போர்ட்ஸ்’. 2020 கொரோனா காலத் தலைப்புச் செய்திகளில் இந்த ‘கர்ப்ஸ்’ நிறையவே வந்தது.

படி 4: சாலையோரக் கல்லோடு குழப்பாதீர்கள்

கிணற்றின் வாயைச் சுற்றியுள்ள விளிம்புக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர் உண்டு. செட்டிநாட்டு வீடுகளின் பின்கட்டுக் கிணற்றை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பொருள் விரிந்து, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் நடைபாதை ஓரக் கல்லையும் குறித்தது. பிரிட்டிஷ் எழுத்தில் அந்தக் கல் மட்டும் கே, இ, ஆர், பி. அமெரிக்காவில் இரண்டுக்கும் ஒரே எழுத்துதான்.

படி 5: எழுதிப் பாருங்கள்

கல்யாணச் செலவு, நிலத்தடி நீரை உறிஞ்சுவது, பிள்ளையார்பட்டி சதுர்த்தி நேரத்து வாகன நெரிசல். மூன்றுக்கும் ஒவ்வொரு வாக்கியம் எழுதுங்கள். ‘கர்ப்’ இருக்கும் இடத்தில் ‘கடிவாளம் போடு’ என்று வைத்துப் படியுங்கள். தடையில்லாமல் வாசிக்க முடிந்தால் அநேகமாகச் சரி. இடித்தால் ரெஸ்ட்ரிக்ட் போட்டுப் பாருங்கள்.