வாசலுக்கு வரும் வேனை நம்பி ஊர் சுற்றுவது எப்படி?

பேருந்திலும் சப்வே எனும் சுரங்க ரயிலிலும் தாமாகப் போய்வர முடியாத உடல்நிலை உள்ளவர்களுக்காக நியூயார்க்கில் எம்.டி.ஏ. என்னும் பொதுப் போக்குவரத்து ஆணையம் நடத்தும் அக்சஸ்-எ-ரைட் சேவையை, நம் வீடுகளில் பலரும் ஆஸ்பத்திரிக்குப் போகும் வண்டியாகவே நினைக்கிறார்கள். டயாலிசிஸ், பிசியோதெரபி, கண் டாக்டர் ஆகியவற்றுக்குத் தயங்காமல் புக் செய்பவர்கள், கோயிலுக்கோ நண்பர் வீட்டுக்கோ போக வேண்டுமென்றால் ‘இதற்கெல்லாம் வண்டி கேட்கலாமா’ என்று யோசிக்கிறார்கள். தாராளமாகக் கேட்கலாம். 1990இல் இயற்றப்பட்ட அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் கீழ் அமைந்த விதிகள், பயணத்தின் காரணத்தை வைத்து முன்னுரிமை தருவதையோ மறுப்பதையோ அனுமதிப்பதில்லை. கச்சேரிக்குப் போகிறவரும் மருத்துவரிடம் போகிறவரும் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள். ஒவ்வொரு வாரமும் ஒரே நேரத்துக்கு நிலையாகப் பதிந்துகொள்ளும் பயணங்களில் மட்டும் வரம்பு வைக்க இடமுண்டு.

தகுதிச் சான்று பெறும் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முழுமையான விண்ணப்பம் சேர்ந்த 21 நாள்களுக்குள் முடிவு வராவிட்டால், முடிவு வரும்வரை சேவை தரப்பட வேண்டும். வேறு ஊரில் இதே வகைச் சேவைக்குத் தகுதி பெற்றிருப்பவர் நியூயார்க்குக்கு விருந்தாளியாக வந்தால், ஓராண்டில் 21 நாள்கள் வரை அந்தத் தகுதியைக் கொண்டே பயணம் செய்யலாம். துணைக்கு உதவியாளர் தேவைப்படும் என்றால் அதை விண்ணப்பத்திலேயே குறிப்பிடுவது முக்கியம். ஏனென்றால் அப்படிப் பதிவான உதவியாளருக்குக் கட்டணம் கிடையாது. அவரைத் தவிர ஒரு விருந்தினரும் உங்களுடன் வரலாம், அவர் உங்களைப் போலவே கட்டணம் செலுத்துவார். வழக்கமான கட்டணத்தைப் போல் இரு மடங்கு வரை வாங்கச் சட்டம் இடம் கொடுத்தாலும், நியூயார்க்கில் சப்வே கட்டணமே வாங்குகிறார்கள்.

முந்தைய நாள் மாலை 5 மணிக்குள் புக் செய்துவிட வேண்டும். அப்போது ‘எத்தனை மணிக்கு வண்டி ஏற வேண்டும்’ என்பதைச் சொல்லாமல், ‘எத்தனை மணிக்குப் போய்ச் சேர வேண்டும்’ என்பதைச் சொல்லுங்கள். இரண்டில் எதை வேண்டுமானாலும் சொல்லலாம் என்றாலும், குறித்த நேரத்தில் தொடங்கும் நிகழ்ச்சிகளுக்குப் பின்னதே பாதுகாப்பானது. கச்சேரி 4 மணிக்கு என்றால் 3.15 என்று சொல்வது என் வழக்கம். கேட்ட நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ அவர்கள் பேரம் பேசலாம் என்று விதி இருக்கிறது; ஆகவே ஏற்றுக்கொள்ளக்கூடிய இன்னொரு நேரத்தையும் மனத்தில் வைத்துக்கொண்டு பேசத் தொடங்குங்கள். உறுதியான நேரத்திலிருந்து 30 நிமிடங்கள் வரை கழித்து வந்தாலும் அந்த வண்டி ‘நேரத்துக்கு வந்ததாகவே’ கணக்கு. வந்தபின் ஓட்டுநர் காத்திருப்பதோ 5 நிமிடங்கள்தான். அக்சஸ்-எ-ரைட் என்று எழுதிய வேன்தான் வரும் என்பதும் இல்லை. டாக்ஸியோ சாதாரணக் காரோ வரலாம் என்பதால், கைப்பேசியைக் கையிலேயே வைத்திருங்கள்.

போவதைவிடத் திரும்புவதுதான் சிக்கல். முடியும் நேரம் யாருக்கும் தெரியாத ஒரு கல்யாண வரவேற்பிலிருந்து கிளம்பும் நேரத்தை முந்தைய நாளே சொல்ல வேண்டியிருக்கிறது. தாமதமாகச் சொல்வதே மேல் என்பது என் கருத்து. நிகழ்ச்சி முடிந்து முக்கால் மணி நேரம் காத்திருப்பது அலுப்புதான் என்றாலும், கிளைமாக்ஸுக்கு முன் எழுந்து போவதைவிடவும், வண்டியைத் தவறவிட்டு இன்னொரு வண்டிக்காக மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பதைவிடவும் அது எவ்வளவோ தேவலாம். அதனால் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே அங்கே காத்திருக்க முடியுமா என்று பாருங்கள்: உட்கார நாற்காலி, சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறை, கண்ணாடி வழியே தெரு தெரியும் முன்கூடம். வெள்ளி, சனிக்கிழமைகளில் இரவு 9 மணி வரை திறந்திருக்கும் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் இந்த வகையில் அருமையான இடம். வண்டி தாமதித்தாலும் கதவைச் சாத்தி வெளியே அனுப்பிவிடுவார்களோ என்ற பதற்றம் இல்லாமல் மாலைப் பொழுதைக் கழிக்கலாம்.

முகவரி விஷயத்தில் மிகுந்த கவனம் தேவை. ஐந்து நிமிடம் மட்டுமே காத்திருக்கும் ஓட்டுநருக்குக் கட்டடத்தின் பெயர் போதாது, வாசல் தெரிய வேண்டும். மெட்ரோபாலிட்டனின் புகழ்பெற்ற முன்பக்கப் படிக்கட்டில் இறங்கிப் பயனில்லை. படியில்லாத நுழைவாயில் ஐந்தாம் அவென்யூவில் 81ஆம் தெருப் பக்கம் இருக்கிறது. 1977இல் கும்பாபிஷேகம் நடந்த நியூயார்க்கின் ஃப்ளஷிங் பகுதியிலுள்ள கணபதி கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். கோயிலின் முகவரி பௌன் தெரு. தோசைக்குப் பெயர்போன அதன் கேண்டீனுக்கோ ஹாலி அவென்யூ முகவரி. தரிசனம் முடித்துக் கேண்டீனில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவதாக இருந்தால், போகும் பயணத்துக்குப் பௌன் தெருவையும் திரும்பும் பயணத்துக்கு ஹாலி அவென்யூவையும் தனித்தனியே பதியுங்கள். ஒரே முகவரியை இரண்டுக்கும் கொடுத்துவிட்டால், நீங்கள் காபி டம்ளருடன் ஒரு தெருவில் இருக்கும்போது வண்டி மற்றொரு தெருவில் நின்று பார்த்துவிட்டுப் போய்விடும்.

இது பலர் சேர்ந்து போகும் வண்டி. வழியில் வேறொருவரை ஏற்றிக்கொள்ள உங்கள் வீட்டுக்கு எதிர்த்திசையில் திரும்பினால் ஆச்சரியப்பட வேண்டாம். கையில் தண்ணீர், அடுத்த வேளை மாத்திரை, சர்க்கரை நோயாளியாக இருந்தால் ஒரு பாக்கெட் பிஸ்கட், கைப்பேசி சார்ஜர் ஆகியவை எப்போதும் இருக்க வேண்டும். பாட்டு, பிரசங்கம் எதையாவது முன்பே பதிவிறக்கி வைத்துக்கொண்டால், அந்தச் சுற்றுவழியும் பொழுதுபோக்கில் சேர்ந்துவிடும்.

விருந்துக்கு அழைத்தவர்களிடம் வண்டியின் கணக்கை முதலிலேயே விளக்கிவிடுங்கள். ‘இன்னும் கொஞ்ச நேரம் இருங்களேன், பாயசம் சாப்பிட்டுப் போகலாம்’ என்ற உபசாரமும், வாசலில் நின்றபடியே அரை மணி நேரம் விடைபெறும் நம் பழக்கமும் ஐந்து நிமிடக் கெடுவுக்குள் அடங்குவதில்லை. வெற்றிலை பாக்குப் பையைக்கூட முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு, பேச்சை வாசலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வது உத்தமம்.

வண்டி வராமல் போகும் நாளும் உண்டு. புக்கிங் எண், சொன்ன நேரம், வந்த நேரம், தொலைபேசியில் பேசிய நேரம் ஆகியவற்றை ஒரு சிறு நோட்டில் எழுதி வாருங்கள். நீங்கள் வராததாகப் பதிவாகும் ‘நோ-ஷோ’க்கள் வழக்கமாகிவிட்டால் சேவையை நிறுத்திவைக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு, ஆனால் அவர்களுடைய தவறாலோ உங்கள் கட்டுப்பாட்டை மீறிய காரணத்தாலோ தவறிய பயணத்தை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. நிறுத்துவதற்கு முன் எழுத்துமூலம் தெரிவித்து, முறையீடு செய்யவும் வாய்ப்புத் தர வேண்டும். அந்த முறையீட்டில் உங்கள் நோட்டுதான் சாட்சி. போகும் வண்டியைத் தவறவிட்டு வேறு வழியில் போய்ச் சேர்ந்தீர்கள் என்றால், உடனே தொலைபேசியில் அழைத்துத் திரும்பும் பயணம் அப்படியே இருக்கிறதா என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். அது தேவையில்லை என்றால் தனியாக ரத்து செய்யுங்கள். அதைச் செய்யாமல் விட்டால் இரண்டாவது நோ-ஷோவும் உங்கள் பெயரில் ஏறும்.