பணிந்ததா, உடன்பட்டதா? எங்கே எந்த வினை

‘நிர்வாகம் பணிந்தது’ என்று தலைப்பு வைத்தால் மறுநாள் காலை நிர்வாகத்திலிருந்து போன் வரும். ‘நிர்வாகம் சம்மதம்’ என்று வைத்தால் சங்கத்திலிருந்து வரும், ‘அவர்களாகவா கொடுத்தார்கள்?’ என்று. செய்தி ஒன்றுதான்: போனஸ் பேச்சு முடிந்துவிட்டது. நாளிதழ் டெஸ்க்கில் எனக்கு அதிகம் வேலை வைப்பவை இந்த வினைச்சொற்கள்தான். புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில், யார் எவ்வளவு நகர்ந்தார் என்று பாருங்கள். சங்கம் 20 சதவீதம் கேட்கிறது. போனஸுக்குச் சட்டம் வைத்திருக்கும் உச்சவரம்பு அது. நிர்வாகம் குறைந்தபட்சமான 8.33 சதவீதத்தில் நிற்கிறது. 14-இல் முடிந்தால் இரு தரப்பும் இறங்கி வந்திருக்கின்றன. அங்கே ‘உடன்பட்டன’, தலைப்பில் ‘உடன்பாடு’. முழு 20-ஐயும் கொடுத்தால் ‘கோரிக்கையை ஏற்றது’. நாற்பது நாள் ஸ்டிரைக், வாசலில் பந்தல், அதற்குப் பிறகு கொடுத்தால்கூட, செய்தியில் ‘ஏற்றது’தான். ‘பணிந்தது’ என்பது நம் தீர்ப்பு. சங்கத் தலைவர் அப்படிச் சொன்னால் அவர் வாயிலேயே வைத்துவிடுங்கள். ‘வழிக்கு வந்தது’ அதைவிட மோசம். யாருடைய வழிக்கு?

‘உடன்பாடு’ பழைய சொல். மனம் ஒத்துப்போகாதவரோடு வாழ்வது ஒரே குடிசையில் பாம்போடு குடியிருப்பது போல என்கிற குறளில் (890) அது ‘உடம்பாடு’ என்று வருகிறது. இரண்டு பேர் இல்லாமல் இந்தச் சொல் நிற்காது. ‘அமைச்சர் உடன்பாடு’ என்று மொட்டையாக எழுதி வந்தால், யாரோடு என்று கேட்டுத் திருப்பி அனுப்புவேன்.

‘சம்மதி’ வேறு. வேண்டாம் என்று சொல்லும் உரிமை உள்ளவர்தான் சம்மதிக்க முடியும். கல்யாணத்துக்குப் பெண் சம்மதித்தாள், ஆபரேஷனுக்கு வீட்டார் சம்மதித்தார்கள். வேற்றுமை உருபு ‘கு’தான் வரும், ‘திருமணத்தைச் சம்மதித்தாள்’ என்று ஒருவரும் பேசுவதில்லை, ஆனால் அவசரத்தில் எழுதுகிறார்கள். ‘ஏற்றுக்கொள்’ளுக்கு நேர்மாறாக ‘ஐ’ வேண்டும்: முடிவை ஏற்றார், ராஜினாமாவை ஏற்றார்.

அதிகம் கவனிக்க வேண்டியது ‘ஒப்புக்கொள்’. அதற்கு இரண்டு முகம். பணம் தர ஒப்புக்கொண்டார் என்றால் இசைந்தார். தவறை ஒப்புக்கொண்டார் என்றால், தான் செய்ததாகச் சொன்னார். இந்த இரண்டாவது முகம்தான் க்ரைம் செய்தியில் வில்லங்கம். ‘விசாரணையில் கொலையை ஒப்புக்கொண்டார்’ என்று தினமும் ஒரு செய்தியாவது வரும். போலீஸ் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிரான சாட்சியமாக வைக்க முடியாது. 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 25ஆவது பிரிவு அதைத்தான் சொன்னது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் அந்தத் தடை இருக்கிறது. கோர்ட்டில் செல்லாததை நாம் முற்றுப்புள்ளி வைத்து முடித்துவிடக் கூடாது. ‘ஒப்புக்கொண்டதாகப் போலீசார் கூறினர்’ என்று எழுதுங்கள். இரண்டு சொல் கூடும், கூடட்டும்.

‘இணங்கு’ கடிதத்தில் பாந்தமான சொல்: ‘தங்கள் வேண்டுகோளுக்கிணங்க’. அதே சொல் க்ரைம் பக்கத்தில் ‘ஆசைக்கு இணங்க மறுத்த பெண்’ என்று வரும்போது கண்ணை மூடிக்கொண்டு அடித்துவிடுகிறேன். இணங்குவதுதான் இயல்பு, மறுத்தது ஏதோ விசேஷம் என்பது போல ஒலிக்கிறது. அவன் தொல்லை கொடுத்தான், அவள் எதிர்த்தாள். அதையே எழுதினால் போதும்.

‘மசி’ பெரும்பாலும் ‘இல்லை’யோடுதான் நடமாடும்: மிரட்டலுக்கு மசியவில்லை, எதற்கும் மசிகிற ஆள் இல்லை. ‘அடிபணி’ மேடைக்கு உரியது, செய்திக்கு வேண்டாம். ‘பணி’ மட்டும் எப்போதும் தோல்வியைக் குறிப்பதில்லை. ‘பணியுமாம் என்றும் பெருமை’ என்னும்போது அது அடக்கம். ‘பணிந்து கேட்டுக்கொள்கிறேன்’ என்று மனு எழுதுகிறவரும் எதிலும் தோற்றுப்போகவில்லை.

‘விட்டுக்கொடு’வுக்கு வேற்றுமை உருபுதான் உயிர். ‘தம்பிக்கு விட்டுக்கொடுடா’ என்றால் பொம்மையை அவனிடம் கொடு. ‘தம்பியை விட்டுக்கொடுக்காதே’ என்றால் அடுத்தவர் முன்னால் அவனைக் குறை பேசவிடாதே. வீட்டுக்குள் ஆயிரம் சண்டை போடுகிற அக்காதான் தெருவில் தம்பியை விட்டுக்கொடுக்காமல் பேசுவாள். ஒரு ‘கு’ போய் ‘ஐ’ வந்ததும் வாக்கியம் வேறு வீட்டுக்குப் போய்விடுகிறது. ‘கட்சியை விட்டுக்கொடுத்தார்’ என்று ஒரு செய்தி வந்தால், தலைவர் பதவியைத் துறந்தாரா, மேடையில் கட்சியைக் காப்பாற்றாமல் விட்டாரா என்று நிருபரிடம் கேட்டாக வேண்டும். எழுதினவருக்கே சில நேரம் தெரிவதில்லை.

விலை பேசும் இடத்தில் இவை எதுவுமே வேண்டாம். விலை படிந்தது, படியவில்லை, அவ்வளவுதான். ‘விலைக்கு உடன்பட்டார்’ என்று சந்தைச் செய்தியில் எழுதினால் வெண்டைக்காய் வாங்கப் போனவர் ஒப்பந்தம் போட்டுவிட்டு வந்தது போல இருக்கிறது.

பேச்சில் ‘ஒப்புக்கொண்டான்’ என்பதற்குப் பதிலாக ‘ஒத்துக்கிட்டான்’ என்கிறோம். பேட்டியில் அப்படி வந்தால் திருத்தாமல் விடுங்கள். ஆனால் உடம்பு விஷயத்தில் ‘ஒத்துக்கொள்’ மட்டுமே செல்லும். மருத்துவப் பக்கத்தில், ‘சிலருக்குக் கத்திரிக்காய் ஒத்துக்கொள்ளாது’ என்றிருந்த வரியை யாரோ இலக்கணமாக்குகிறேன் பேர்வழி என்று ‘ஒப்புக்கொள்ளாது’ என மாற்றியிருந்தார்கள். கத்திரிக்காய் எந்தக் குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.