கோஹாவில் தமிழ்ப் புத்தகம் ஏற்ற நூலகப் பணியாளர்களுக்குப் பயிற்சி தருவது எப்படி

வாசகரிடம் கவுண்டரில் சொல்லும் "இல்லை" பல நேரம் உண்மையில்லை. புத்தகம் தட்டில்தான் இருக்கும், கணினித் தேடலில் மட்டும் அகப்படாது. கோஹா என்ற நூலக மென்பொருளில் புத்தக விவரத்தைப் பதிவாக ஏற்றும்போது விழுந்த சின்னப் பிழைகளே பெரும்பாலும் இதற்குக் காரணம். நூலகவியலில் சான்றிதழோ பட்டமோ பெற்று வருபவர்களுக்கு வகைப்பாட்டுக் கோட்பாடு தெரியும். தமிழ்ப் பதிவு எங்கே சறுக்கும் என்பதை வேலையிடத்தில்தான் கற்க வேண்டும்.

ஒரு குழுவில் நான்கைந்து பேர் போதும். அதற்கு மேல் போனால் விசைப்பலகையைத் தொடாமலே சிலர் வகுப்பை முடித்துவிடுவார்கள். வாசகர் வரத்து குறைந்த நேரத்தில் 45 நிமிடம், வாரம் இரண்டு வகுப்பு என்று வையுங்கள். பாடத்துக்கு உங்கள் தட்டிலிருந்தே 30 புத்தகங்களை எடுங்கள்: புனைபெயரில் வந்தவை, முதலெழுத்தோடு பெயர் உள்ளவை, மொழிபெயர்ப்புகள், பல பாகத் தொகுதிகள். சிக்கலில்லாத புத்தகத்தை வைத்து நடத்தும் பயிற்சியால் பயன் குறைவு.

கோஹா திறமூல மென்பொருள் என்பதால் ஒரு பழைய மடிக்கணினியில் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம் போட்டு, பயிற்சிக்கென்று தனியாக நிறுவிக்கொள்ளலாம். நடப்புத் தரவுத்தளத்தில் யாரையும் பழக விடாதீர்கள். ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு கொடுங்கள். எல்லோரும் நிர்வாகிக் கணக்கிலேயே நுழைந்தால் எந்தப் பிழை யாருடையது என்று தெரியாது, திருத்திச் சொல்லித்தரவும் முடியாது.

தொடங்கும் முன் ஒன்றைச் சரிபாருங்கள். கோஹாவின் ஸீப்ரா தேடுபொறியில், யூனிகோடு எழுத்துகளைக் கையாளும் ஐ.சி.யு. (ICU) அட்டவணை முறை இயக்கப்பட்டிருக்கிறதா? இல்லாவிட்டால் தமிழ்ச் சொற்கள் ஒழுங்காகத் தேடப்படாது. அதை மாற்றி, முழு அட்டவணையையும் மறுபடி உருவாக்கிய பிறகே வகுப்பைத் தொடங்குங்கள்.

முதல் வகுப்பு: கண்ணுக்குத் தெரியாத எழுத்துப் பிழை

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். ஒருவரை 'ஔவையார்' என்று தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். இன்னொருவர் 'ஒ' போட்டு, பக்கத்தில் 'ள' போட்டு, 'வையார்' சேர்க்கட்டும். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் கணினிக்கு முதலாவதில் தொடக்கம் ஒரே எழுத்து, இரண்டாவதில் இரண்டு எழுத்துகள். ஒன்றைத் தேடினால் மற்றது வராது. 'கௌ'வும் இப்படித்தான்: 'கெ'வுக்குப் பின் 'ள' போட்டு எழுதிய கௌதமன், சரியாக எழுதியவரின் தேடலில் அகப்படமாட்டார். தேடுபெட்டியில் இரண்டு விதமாகவும் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். எந்த விளக்கத்தையும் விட இது நன்றாக மனதில் நிற்கும்.

பழைய பட்டியல்களிலிருந்து வெட்டி ஒட்டுவதும் ஆபத்து. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அடித்த பட்டியல், கோஹாவில் ஒட்டியதும் வெறும் குறிகளாக மாறிவிடும். எழுத்துரு மாற்றியில் போட்டு எடுங்கள், பிறகு புத்தகத்தைக் கையில் வைத்து வரி வரியாக ஒப்பிடுங்கள். தட்டச்சுக்குத் தமிழ்99 விசைப்பலகை முறையைப் பழக்குவது நல்லது. எல்லோரும் ஒரே விசைப்பலகையில் அடித்தால் பிழைகளும் ஒரே மாதிரி வரும், கண்டுபிடிப்பது எளிது.

ஆங்கிலப் பதிவை நகலெடுத்தால்

நேரத்தை மிச்சப்படுத்த, இருக்கும் ஆங்கிலப் பதிவை நகலெடுத்து அதன்மேல் தமிழ்த் தலைப்பை எழுதும் பழக்கம் பல இடங்களில் உண்டு. இதில் இரண்டு தவறுகள் ஒளிந்து வரும். நூலகப் பதிவுகளுக்கான பொது வடிவமான மார்க்கில் (MARC) ஒவ்வொரு விவரத்துக்கும் எண்ணிட்ட ஒரு புலம் உண்டு; தலைப்புக்கான புலம் 245. வரிசைப்படுத்தும்போது தலைப்பின் தொடக்கத்தில் எத்தனை எழுத்துக்குறிகளை விட்டுவிட வேண்டும் என்பதை அதன் இரண்டாவது சுட்டி (indicator) சொல்லும். ஆங்கிலத் தலைப்பின் தொடக்கத்தில் வரும் 'The' என்ற சொல்லுக்கும் அடுத்த இடைவெளிக்குமாக அங்கே 4 இருந்திருக்கும். அது அப்படியே தங்கிவிட்டால், 'பொன்மொழிகள்' என்ற தலைப்பில் ப, ொ, ன, புள்ளி என நான்கும் கழிந்து, புத்தகம் 'மொழிகள்' என்று மகர வரிசையில் போய் நிற்கும். தமிழுக்கு அங்கே எப்போதும் 0. இரண்டாவது தவறு, 008 புலத்தில் 35 முதல் 37 வரையான இடங்களில் ஆங்கிலத்துக்கான மொழிக் குறியீடு மாறாமல் நிற்பது. வாசகர் 'தமிழ் மட்டும்' என்று வடிகட்டினால் அந்தப் புத்தகம் காணாமல் போகும். புதுப் பதிவிலும் கோஹா தானாகவே ஆங்கிலத்தை நிரப்பக்கூடும். அமைப்பு விருப்பங்களில் 008க்கான இயல்பு மொழியைத் தமிழாக்கிவிட்டால் தொல்லை பாதி குறையும்.

ஆசிரியர் பெயர்

'த. ஜெயகாந்தன்' பதிவில் 'ஜெயகாந்தன், த.' என்று நிற்க வேண்டும். முற்றுப்புள்ளி, இடைவெளி மாறினாலும் ஒரே ஆசிரியர் மூன்று பேராகப் பிரிந்துவிடுவார். இதை நினைவாற்றலுக்கு விடாமல், ஒரு ஆசிரியரின் எல்லாப் பெயர் வடிவங்களையும் இணைக்கும் அதிகாரப் பதிவு (authority record) உருவாக்கக் கற்றுக்கொடுங்கள்: புலம் 100இல் ஏற்றுக்கொண்ட பெயர், 400இல் மற்ற வடிவங்கள். கல்கிக்கு ரா. கிருஷ்ணமூர்த்தியும், சுஜாதாவுக்கு எஸ். ரங்கராஜனும் 400இல் போக வேண்டும்.

தட்டு வரிசைக்கு ஒரு வகுப்பு போதும். 894.82, 894.811, 894.8, 894.8113 என்ற டியூயி வகைப்பாட்டு எண்களை எழுதிய நான்கு சீட்டுகளைக் கலைத்துக் கொடுத்து அடுக்கச் சொல்லுங்கள். 82ஐவிட 811 பெரிது என்று 894.82ஐ முன்னால் வைப்பவர்கள் இருப்பார்கள். புள்ளிக்குப் பின் முழு எண்ணாகப் படிக்காமல் இலக்கம் இலக்கமாக ஒப்பிட வேண்டும். சரியான வரிசை: 894.8, 894.811, 894.8113, 894.82. தமிழ் இலக்கியமும் தமிழ்ப் புனைகதையும் நடுவிலுள்ள இரண்டு எண்களில்தான் இருக்கின்றன, அதனால் இந்தப் பிழை நம் தட்டுகளைத்தான் முதலில் குலைக்கும்.

பயிற்சி பலித்ததா என்று அறிய எழுத்துத் தேர்வு வேண்டாம். கவுண்டரில் ஒரு நோட்டு வையுங்கள். "இல்லை" என்று சொன்ன ஒவ்வொரு கேள்வியையும் வாசகர் கேட்ட சொற்களிலேயே எழுதட்டும். வாரக் கடைசியில் அவற்றைத் தட்டில் கையால் தேடுங்கள். கிடைத்தால் பதிவைத் திருத்தி, எழுத்தா, சுட்டியா, பெயரா, தட்டா என்று பிழையின் வகையைப் பக்கத்தில் குறியுங்கள். ஒரே வகை அடுத்தடுத்து இரண்டு வாரம் வந்தால் அந்த ஒரு வகுப்பை மட்டும், நோட்டில் உள்ள அதே புத்தகங்களை வைத்து, மறுபடி எடுங்கள்.